கௌதமன் பெயரை அழித்தவள் மர்பி டவுன் போன கதை

இந்த வலைப்பதிவை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கோட்டை, அருவி, மலைக்கோயில் என்று அலைகிற ஆள். இந்த முறை பெங்களூரு, அதுவும் ஒன்றரை நாள்தான். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருடைய பெயர் இந்தப் பதிவில் வருகிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். இதைப் போய் முதல் பத்தியிலேயே ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லித் தருகிறேன். என் ஆராய்ச்சி, மென்பொருளை மனிதர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றியது. நான் எழுத மாட்டேன், எழுதுகிறவர்களைக் கவனிப்பேன். "அடுப்படியில ஒருத்தன் வெந்துக்கிட்டிருப்பான், நீ பக்கத்துல நின்னு நோட்டுல குறிச்சுக்குவே" என்று என் கணவர் கிண்டல் செய்வார். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை.

அப்படி நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்ட ஒருவர்தான் கௌதமன். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் ஒப்பந்த ஊழியர். மழை பெய்தால் நகரத்தில் எந்த இடத்தில், எத்தனை நிமிடத்தில், எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்கிட்டு, பதிவு செய்துகொண்டவர்களின் போனுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பும் மென்பொருள் அங்கே இருக்கிறது. பேராசிரியர்கள் சமன்பாடுகளைக் கொடுத்தார்கள். அதை ஓடுகிற மென்பொருளாக எழுதியது முழுக்க இவர். நான் நான்கு மாதம் போய்வந்து, இவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து, ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினேன். நல்ல பெயர் கிடைத்தது. எனக்கு.

இங்கே ஒரு சின்ன விளக்கம் சொல்லியாக வேண்டும். மென்பொருள் எழுதும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று ஒரு வரலாறு தானாகவே பதிவாகிக்கொண்டு போகும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற எங்களிடம் வேறொரு வழக்கம். கட்டுரையை மதிப்பிடுகிறவர்களுக்கு யாருடைய வேலை என்று தெரியக்கூடாது, பங்கேற்றவர்களின் அடையாளமும் வெளியே போகக்கூடாது. அதனால் ஆய்வுக்கூடத்தின் மென்பொருளில் ஒரு பிரதி வாங்கி, அந்த வரலாற்றில் கௌதமன் என்று இருந்த இடத்திலெல்லாம் 'பெயரிலி' என்று மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆறு வருட வேலையிலிருந்து அவர் பெயர் போகப் பதினோரு வினாடி ஆனது. ஆய்வு முடிந்ததும், பெயர் இருந்த மூலப் பிரதியையும் பங்கேற்றவர்களின் பட்டியலையும், ஒப்புதல் படிவத்தில் வாக்குக் கொடுத்தபடி, அழித்தேன். அழித்ததற்கு ஒரு சான்றிதழும் தயாரித்துக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு ஒழுங்கு.

கௌதமனுடைய ஒப்பந்தம் முடிந்து அவர் வெளியே வந்த சில மாதத்தில், ஆய்வுக்கூடத்தின் சர்வர் கரண்ட் போய் வந்ததில் செத்துப்போனது. அவர் பயன்படுத்திய லேப்டாப்பையும் அதற்கு முன்பே உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து வேறொருவரிடம் கொடுத்திருந்தார்கள். பதறிப்போய் எனக்கு எழுதினார்கள், உங்களிடம் பிரதி இருக்கிறதா என்று. இருந்தது. பெயர் நீக்கிய பிரதி. பெருமையாக அனுப்பினேன். "எங்களைக் காப்பாற்றிவிட்டீர்கள்" என்று பதில் வந்தது. அன்று வீட்டில் சேமியா பாயசம் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் பிரதியைத்தான் அவர்கள் பொதுவெளியில் வெளியிட்டார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் கௌதமனிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல். ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சி மென்பொருள் எழுதும் நிரந்தர வேலைக்கு நேர்காணல், செய்த வேலையைக் காட்டச் சொல்கிறார்கள், மூலப் பிரதி உங்களிடம் இருக்கிறதா மேடம் என்று கேட்டிருந்தார். பொதுவெளியில் இருந்ததைக் காட்டியபோது எல்லா இடத்திலும் 'பெயரிலி' என்று இருந்ததாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தொன்பது நாள் பதில் போடவில்லை. இல்லை என்று எழுத விரல் வரவில்லை. கடைசியில் எழுதியபோது நேர்காணல் முடிந்து, வேலையும் வேறொருவருக்குப் போயிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதற்கு ஏப்ரல் மாதம் ஒரு சந்தர்ப்பம் வந்தது. தொம்மலூரில் ஒரு பயிலரங்கு. ஆய்வுக்கூடங்களில் மென்பொருள் எழுதுகிறவர்களையும், அவர்களை ஆராய்கிற எங்களைப் போன்றவர்களையும் ஒரே அறையில் உட்கார வைப்பது நோக்கம். 'வெற்றிகரமான கூட்டுழைப்பு' என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை 9.20க்குக் காட்பாடியில் ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை, முன்பதிவோடு 110 ரூபாய். சுமார் 225 கிலோமீட்டர். இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்காதீர்கள், ஜோலார்பேட்டை வரை வெயில் முகத்தில் அடிக்கும். ஜோலார்பேட்டையில் வடை வாங்கலாம், பத்து ரூபாய், சூடாகவே இருந்தது. குப்பம் தாண்டியதும் காற்று மாறும். பையில் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வைத்திருந்தேன், கௌதமனுக்குக் கொடுக்க. பத்திரமாக இருக்கிறதா என்று பங்காருப்பேட்டைக்குள் நான்கு முறை தொட்டுப் பார்த்தேன். கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கும்போது மணி 1.05.

வெளியே ஆட்டோக்காரர் தொம்மலூருக்கு முந்நூறு கேட்டார். ஏழு கிலோமீட்டர்தானே, ஆப்பில் 178 காட்டுகிறதே என்று போனை நீட்டினேன். அவர் போனைப் பார்க்கவே இல்லை.

"ஆப்பு சும்னே காட்டும்மா. டிராபிக்ல நானு தானே ஓட்டணும், ஆப்பா ஓட்டுது?" என்றார். சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா.

220க்கு முடிந்தது. விவேக் நகர்க்காரர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்களாம். என்னோடு தமிழ், சிக்னலில் பக்கத்து ஆட்டோவோடு கன்னடம், போனில் யாரோடோ உருது. இறங்கும்போது மேலே பார்த்து, ஏப்ரலிலேயே மேகம் கூடுகிறது, இந்த வருடம் மழை முன்னாடியே வந்துவிடும் என்றார். 35 நிமிடம் ஆனது, டிராபிக்கைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

பயிலரங்கு ஐந்தாவது மாடியில். ஒரே அறையில் உட்கார வைப்பது நோக்கம் என்றேன் அல்லவா, உட்கார்ந்ததென்னவோ தனித்தனியாகத்தான். மென்பொருள் எழுதுகிறவர்கள் சுவரோரம், பிளக் பாயின்ட் இருக்கும் இடமாகப் பார்த்து. பேராசிரியர்கள் முன்வரிசையில், தண்ணீர் பாட்டில் வைத்த இடமாகப் பார்த்து. கௌதமன் இல்லை. நிறுவனம் சார்ந்தவர்களுக்கு மட்டும்தான் அழைப்பாம்.

என் முறை 3.40க்கு வந்தது. தயாரித்துக்கொண்டு போன படங்களைக் காட்டவில்லை. மேலே நான் உங்களிடம் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னேன். ஆய்வுக்கூடத்தின் இப்போதைய பொறுப்பாளர் முன்வரிசையில்தான் இருந்தார், கௌதமன் போன பிறகு வந்தவர், முப்பத்தைந்து வயதுப் பெண், நல்ல மனிதர். அவரிடம் நேராகவே கேட்டேன், கௌதமன் பெயரைத் திரும்பப் போட முடியுமா என்று.

அவர் எரிச்சல்படவில்லை, நிதானமாகவே பதில் சொன்னார். போட ஆசைதான், ஆனால் எந்த வரியை யார் எழுதினார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் மூலப் பிரதி. அதை அழித்தது நான். என் சாட்சி போதாதா என்றேன். போதும், ஆனால் பங்கேற்றவர் யார் என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று நீங்களே எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதை மீறும்படி உங்களை நாங்கள் கேட்க முடியாது என்றார். எங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவும் ஏற்கெனவே இதைத்தான் வேறு விதமாகச் சொல்லியிருந்தது. பங்கேற்றவரே எழுதிக் கேட்டால் வாக்கைத் தளர்த்தலாம், ஆனால் எழுதிக் கேட்பவர்தான் பங்கேற்றவர் என்று காட்டும் பட்டியல் அழிக்கப்பட்டுவிட்டதால் தளர்த்த வழியில்லை. சுற்றிச் சுற்றி எல்லாக் கதவும் என் கையெழுத்தில்தான் பூட்டியிருந்தது. யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை, அதுதான் கொடுமை.

தேநீர் இடைவேளையில் சுவரோர ஆட்களில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். எட்டு வருடமாக ஒரு கூடத்தில் எழுதுகிறாராம், கட்டுரைகளில் அவர் பெயர் 'நன்றி' பகுதியில்கூட வந்ததில்லையாம். உங்கள் மாதிரி யாராவது ஆராய்ச்சிக்கு வந்தால் நம் பெயர் எங்காவது ஏறும் என்று நினைப்போம் மேடம் என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆய்வு தொடங்கிய அன்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது கௌதமனும் என்னிடம் கேட்டார், கட்டுரையில் என் பேர் வருமா மேடம் என்று. வராது, கவலையே படாதீங்க என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆசையாகக் கேட்டவரிடம், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று ஹலசூரு மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். 1,450 ரூபாய், சுத்தம், வெந்நீர் ஏழு மணி வரை மட்டும். தூக்கம் வரவில்லை, அது லாட்ஜின் தவறில்லை.

சனிக்கிழமை காலை 8.30க்கு நடந்தே, கௌதமன் வீடு இருக்கும் மர்பி டவுன் போனேன். ஒன்றேகால் கிலோமீட்டர், இருபது நிமிடம். பெரிய சாலையில் கண்ணாடிக் கடைகள், நான்கு எட்டு உள்ளே வைத்தால் கறிக்கடை, சலூன், நீல பெயின்ட் அடித்த வீடுகள், வாசலில் வண்டி துடைத்துக்கொண்டு தமிழில் சண்டை. வழி கேட்டேன். சாஃப்ட்வேர் கௌதமனா என்று ஒரு பெண்மணி திருப்பிக் கேட்டு, கொஞ்சம் ஏளனமாகச் சிரித்துவிட்டுக் கை காட்டினார். அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போது புரியவில்லை.

கௌதமன் மனைவி ஷோபா கதவைத் திறந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுன்டரில் வேலை, அன்று மதிய ஷிஃப்ட். உட்காருங்க அக்கா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புத்தர் படத்துக்குக் கீழே ஒரு பெரியவரின் படம், மாலை போட்டு. கௌதமனின் அப்பா, மாநகராட்சியில் கால்வாய் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். கௌதமன் உள்ளே இருந்து வந்தார். இளைத்திருந்தார். இப்போது தண்ணீர் லாரி பதிவு செய்கிற ஒரு ஆப்பின் உதவி மையத்தில் வேலை. லாரி வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தை நீட்டினேன். படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"யார் மேடம் இது?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 'மேற்படி மென்பொருளை உருவாக்கியதில் பங்கேற்பாளர் 4 முதன்மைப் பங்காற்றினார் என்று எங்களுக்குத் தெரிந்தவரை உறுதியளிக்கிறோம்.' அலுவலகத்தில் பெயரை எடுத்துவிட்டு என் கட்டுரையில் அவருக்கு இருந்த எண்ணைப் போட்டிருந்தார்கள், நெறிமுறைப்படி. அவ்வளவு பத்திரமாகத் தொட்டுத் தொட்டுக் கொண்டுவந்தவள், உறைக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த எண்ணுக்கு மேலே அவர் பெயரை எழுதப் போனேன். வேண்டாம் மேடம், அடிச்சு எழுதினா அதுவும் செல்லாது என்று கடிதத்தை மடித்து என் பக்கமே வைத்தார்.

மன்னித்துவிடுங்கள் என்று நேராகவே கேட்டேன். அழுகையும் வந்தது. ஷோபா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கௌதமன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பெயரை எடுத்த ஸ்கிரிப்ட் இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டார். லேப்டாப்பில் திறந்து கொடுத்தேன். வரி வரியாகப் படித்தார், விரலால் தொட்டுத் தொட்டு. என் மாணவர்களின் தேர்வுத்தாளைக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஒரு இடம்கூட மிஸ் ஆகல. எங்கயாவது ஒண்ணு விட்டுப் போயிருக்கும், அத வெச்சுக் காட்டலாம்னு பாத்தேன்." லேப்டாப்பை மூடினார். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகு அவர் எழுந்து, வாங்க மேடம், ஒண்ணு காட்டணும் என்று வெளியே கூட்டிப்போனார். தெரு முனையில் ஒரு மளிகைக் கடை. கடைக்குக் கீழே கான்கிரீட் பலகைகள். அதற்கும் கீழே ஒரு மோரி ஓடுகிறது, பெரிய மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவேயில் போய்ச் சேரும் பழைய சாக்கடை. மூடிக் கடை கட்டிவிட்டதால் எந்த வரைபடத்திலும் கிடையாது. மழைக்கு அது அடைத்துக்கொண்டு இந்தத் தெருவுக்குள் திரும்பும். மென்பொருளில் நகரத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. இந்தத் தெரு 17. கணக்கு எப்போதும் இங்கே குறைவாகவே காட்டியது. எவ்வளவு கூட்டுவது என்று தெரியாமல் கௌதமன் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அந்த மோரிக்குள் இறங்கி வேலை செய்தவர் அவர். எழுந்து நின்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்து, இவ்வளவு கூடும் என்று காட்டினாராம். கௌதமன் டேப் வைத்து அளந்தார். நாற்பது சென்டிமீட்டர். அதை ஒரு வரியாக எழுதினார்: இடம் 17 என்றால் நாற்பது கூட்டு. அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்கு வந்த செய்தி ஒருமுறைகூடத் தவறவில்லை.

அந்த வரி எனக்குத் தெரியும். என் கட்டுரையில் இருக்கிறது. குறைகள் என்ற பகுதியில், 'காரணம் சொல்லப்படாத விதிவிலக்கு, நீக்கப் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதியிருந்தேன். எழுதுவதற்கு முன் இவரிடம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. மென்பொருளில் குறை தேடும் எங்கள் கருவி தானாகவே கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் புதிதாக வந்தவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வரியை எடுத்திருக்கிறார்கள்.

"அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது மேடம். வரி எதுக்குன்னு தெரியலன்னா, யாரு எழுதினதுன்னு பாத்து ஒரு போன் அடிப்போம். அதுதான் பழக்கம். பாத்திருப்பாங்க, பெயரிலின்னு இருந்திருக்கும். யாருக்கு அடிப்பாங்க?"

பெயர் என்பது பெருமைக்கு என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அதை அவர் திரும்பப் பெற வேண்டும் என்று நான் ஓடியதும் அதற்காகத்தான். யாரிடம் கேட்பது என்பதற்கும் அதுதான் விலாசம் என்று பன்னிரண்டு வருடம் பாடம் நடத்திய எனக்கு ஒரு மோரியின் மேலே நின்றபோதுதான் உறைத்தது.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் பெரிய மழை. செய்தி வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் மோரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியதும் ஷோபாதான் இதைச் சொன்னார், கணவரைப் பார்க்காமல்.

"நான் பொருளெல்லாம் மேல ஏத்திடலாம்னேன் அக்கா. இவருதான் நம்ம சாஃப்ட்வேரு ஒண்ணும் சொல்லலையே, இருன்னாரு. தெருவே இவரு பேச்ச நம்பி உக்காந்திருந்துச்சு."

ஃபிரிட்ஜ், மகளின் பள்ளிப் புத்தகங்கள், எதிர்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய தையல் மிஷின் என்று கீழே இருந்ததெல்லாம் போயிற்று. சுவரில் முழங்காலுக்குக் கீழே நீல பெயின்ட் இன்னும் உரிந்துதான் இருக்கிறது. உலகத்தில் அந்த மென்பொருளை எழுதியது கௌதமன் என்று தெரிந்த ஒரே இடம் அந்தத் தெரு. அங்கேதான் அவருக்குத் திட்டு விழுந்தது. வழி கேட்டபோது அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பு இப்போது புரிந்தது.

கௌதமன் அந்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு மூன்று முறை அனுப்பியிருக்கிறார். காரணம் இல்லை என்று என் கட்டுரை குறை சொன்னதால், காரணத்தை நான்கு வரி விளக்கமாக எழுதி. மூன்று முறையும் ஒரே தானியங்கிப் பதில்: நிறுவன மின்னஞ்சல் முகவரி உள்ளவர்களின் திருத்தங்கள் மட்டுமே ஏற்கப்படும். அந்தப் பதிலைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். என் கல்லூரி முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. உங்கள் வரியை என் பெயரில் எப்படிப் போடுவேன், நான் வந்ததே உங்கள் பெயரைத் திருப்பித் தரத்தானே என்றேன்.

"மேடம், மே மழை வந்துரும். பேரு இல்லன்னா எனக்கு ஒரு வேலைதான் போச்சு. வரி இல்லன்னா தெருவுக்கே தண்ணி வரும். உங்க பேர்லயே போடுங்க."

சரி என்றேன். ஷோபா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் தட்டில் இட்லி வைத்தார். சாப்பிட்டேன்.

பிற்பகல் 3.15க்கு கன்டோன்மென்டில் ரயில், 6.50க்குக் காட்பாடி. திரும்பும் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனி, ஞாயிறு திரும்பும் ரயிலுக்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். தொம்மலூர், ஹலசூரு பக்கம் வேலை என்றால் கன்டோன்மென்டில் இறங்குவதே நல்லது, கடைசி நிலையம் வரை போனால் அரைமணி வீண். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள், தமிழிலேயே பேசலாம். மழை மாதங்களில் மர்பி டவுன் பக்கம் போனால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுங்கள். என்னைப் போல மற்றவர்களின் வேலையை ஆராயப் போகிறவர்களுக்கும் ஒன்று: பெயரை எடுப்பதற்கு முன் கேளுங்கள், குறை என்று எழுதுவதற்கு முன்னும் கேளுங்கள். உங்கள் படிவத்தில் 'என் பெயரைப் போடவும்' என்று ஒரு கட்டம் வையுங்கள். என் படிவத்தில் அது இல்லை.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை காலை, கல்லூரி முகவரியிலிருந்து திருத்தத்தை அனுப்பினேன். கூடவே குறிப்பில் எழுதினேன்: இந்த வரி கௌதமனுடையது, அளவைச் சொன்னவர் அவர் தந்தை, இந்தக் கால்வாயில் இறங்கி வேலை செய்த மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. இரண்டு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பொறுப்பாளர் தன் கையாலேயே பதில் எழுதியிருந்தார். மிகவும் நன்றி, மிக முக்கியமான திருத்தம். உங்கள் ஆய்வில் பங்கேற்றவர்களின் அடையாளத்தைக் காக்கும் பொருட்டு, குறிப்பில் இருந்த தனிநபர் விவரங்களை நாங்களே நீக்கிவிட்டோம்.

மீண்டும் எழுதினேன், இருமுறை. பரிசீலிக்கிறோம் என்று பதில். கௌதமனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். நாற்பதுதானே போட்டிருக்கீங்க என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

மே இரண்டாவது வாரம் பெங்களூரில் மழை கொட்டியது. மறுநாள் ஷோபா போன் செய்தார். தண்ணீர் வருவதற்கு ஐம்பது நிமிடம் முன்னால் செய்தி வந்துவிட்டதாம். தெருவே பொருளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டதாம், யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லையாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"யாரு சரி பண்ணதுன்னு எல்லாரும் கேட்டாங்க அக்கா. இவரு உங்க பேரைச் சொன்னாரு. தெருவுல எல்லாரும் உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."